11 வருஷம் நின்ற யெஸ்டியும் நாலு நண்பர்களின் யோசனையும்

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டது இப்படி. பெரியப்பா ஓட்டிய 1984 மாடல் யெஸ்டி ரோட்கிங் மோட்டார் சைக்கிள், பெங்களூரு அல்சூர் வீட்டு மாடிப்படிக்குக் கீழே 11 வருஷமாக நிற்கிறது. அதை மறுபடி ஓடவைக்க ஆசைப்படுகிறீர்கள். ஞாயிற்றுக்கிழமை டீக்கடையில் கூடும் வண்டிப் பைத்தியங்களான நண்பர்களிடம் யோசனை கேட்டீர்கள். ஒருவர், "புது பெட்ரோல் ஊத்தித் தள்ளு, பிடிச்சுக்கும்" என்கிறார். இரண்டாமவர், எஞ்சினைக் கடைசி நட்டு வரை பிரிக்காமல் உதைக்கவே கூடாது என்கிறார். மூன்றாமவர், பாயின்ட்டை (ஸ்பார்க்குக்காக மின்தொடர்பைத் திறந்து மூடும் பாகம்) கழற்றி வீசிவிட்டு எலெக்ட்ரானிக் இக்னிஷன் போடச் சொல்கிறார். சென்னையில் இருக்கும் நான்காமவர், இப்போதைய எத்தனால் பெட்ரோலுக்குப் பெரிய மெயின் ஜெட் (கார்புரேட்டரில் பெட்ரோல் அளவைத் தீர்மானிக்கும் துளை) போடாவிட்டால் பிஸ்டன் சிலிண்டரில் பிடித்துவிடும் என்று போனில் எச்சரிக்கிறார். இவர்களில் யார் சொல்வது சரி என்று கேட்டிருக்கிறீர்கள். ஆனால் நீங்கள் எழுதியதைப் படித்தால், முதலில் எதில் கை வைப்பது, அதை நாமே செய்யலாமா என்பதுதான் உள்ளே இருக்கும் கேள்வி என்று எனக்குத் தோன்றுகிறது. அதற்கே பதில் எழுதுகிறேன்.

நான் ஐடிஐ-யில் மெஷினிஸ்ட் படித்தவன். பீன்யா தொழிற்பேட்டையில் 26 வருஷம் லேத்திலும் போரிங் மெஷினிலும் வேலை பார்த்திருக்கிறேன். வீட்டில் இரண்டு யெஸ்டி இருக்கின்றன. நண்பர்களுடையது, நண்பர்களின் நண்பர்களுடையது என்று பிரித்துச் சேர்த்த எஞ்சின்கள் நிறைய. அந்தப் பழக்கத்தில் சொல்கிறேன்: உங்கள் நாலு நண்பர்களும் பொய் சொல்லவில்லை. ஒவ்வொருவரும் தன் வண்டிக்கு வந்த நோயையும் அதற்குப் பலித்த மருந்தையும் சொல்கிறார்கள். உங்கள் வண்டிக்கு என்ன நோய் என்று இன்னும் யாரும் பார்க்கவில்லை. அதைப் பார்க்க, சின்ன இடைவெளிகளை அளக்கும் ஃபீலர் கேஜ், ரத்த அழுத்தம் பார்க்கும் டயல் கருவி, நல்ல டார்ச் லைட், இரண்டு ஞாயிற்றுக்கிழமை, இவை போதும்.

முதலில் ஒன்று. நான் சொல்லி முடிக்கும் வரை கிக்கரில் காலை வைக்காதீர்கள். 11 வருஷம் நின்ற எஞ்சினில் சிலிண்டர் சுவரில் எண்ணெய்ப் படலம் இருக்காது. எக்ஸாஸ்ட் வழியாகவும் கார்புரேட்டர் வழியாகவும் பெங்களூரு மழைக்கால ஈரம் உள்ளே போய், பிஸ்டன் நின்ற இடத்தில் ரிங் ஓரமாக ஒரு துருக்கோடு விழுந்திருக்கலாம். ரிங்குகள் பழைய எண்ணெய்க் கசடில் ஒட்டி அவற்றின் பள்ளத்திலேயே உறைந்திருக்கலாம். அந்த நிலையில் ஓங்கி உதைத்தால் வார்ப்பிரும்பு ரிங் உடையும். உடைந்த துண்டு போர்ட்டுக்குள் (சிலிண்டர் சுவரில் கலவையும் புகையும் போகும் துளை) போனால் சிலிண்டரையும் கீறிவிடும். சில நூறு ரூபாயில் முடிய வேண்டியது, சிலிண்டரைக் கடைந்து பெரிதாக்கும் போரிங் வரை போய்விடும்.

தள்ளிவிடச் சொல்லும் நண்பரின் யோசனையை நான் ஏற்காததற்கு இன்னொரு காரணமும் உண்டு. இந்த வண்டியில் இக்னிஷன் பேட்டரியை நம்பியது. பேட்டரி செத்துக் கிடக்கும்போது எவ்வளவு தூரம் தள்ளினாலும் திடமான ஸ்பார்க் கிடைப்பது கடினம். ஆனால் பிஸ்டன் மட்டும் மேலும் கீழும் போய்க்கொண்டே இருக்கும். புதுப் பெட்ரோல் சிலிண்டருக்குள் போய், மிச்சம் மீதி இருந்த எண்ணெயையும் கழுவிவிடும். பற்றாத எஞ்சினைக் காய்ந்த சிலிண்டரில் தேய்ப்பதுதான் அதில் நடக்கும். அவருக்கு அது பலித்திருந்தால், அவர் வண்டி ஆறு மாதமோ ஒரு வருஷமோ நின்றிருக்கும். அந்தக் கணக்கு வேறு.

சரி, தொடங்குங்கள். பிளக்கைக் கழற்றி, டீசலும் எஞ்சின் ஆயிலும் பாதிப்பாதி கலந்து 30 மில்லி அளவு அந்தத் துளை வழியாக ஊற்றுங்கள். இரண்டு நாள் விடுங்கள். அதன்பின் சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, டாப் கியரில் போட்டு, பின் சக்கரத்தைக் கையால் மெதுவாக முன்னும் பின்னும் அசைத்துப் பாருங்கள். கியர் விழவில்லை என்றால் சக்கரத்தை அசைத்துக்கொண்டே போட வேண்டும். அசைந்தால் நல்லது, நிறுத்திவிடுங்கள். அசையாவிட்டால் பலத்தைக் கூட்டாதீர்கள். இன்னும் கொஞ்சம் ஊற்றி இன்னொரு வாரம் பொறுங்கள். அவசரப்பட்டுச் சுத்தியலை எடுத்தவர்கள் பிஸ்டன் தலையில் விட்ட பள்ளங்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

இப்போது இரண்டாவது நண்பர். எல்லாவற்றையும் பிரி என்பது பாதி சரி. மேல் பாதியைப் பிரியுங்கள், கீழ்ப் பாதியைத் தொடாதீர்கள். டூ ஸ்ட்ரோக் எஞ்சினில் வால்வு கிடையாது, டைமிங் செயின் கிடையாது. ஹெட் நட்டுகளைக் குறுக்கு வாட்டத்தில் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தினால் ஹெட் வந்துவிடும். கார்புரேட்டரையும் இரண்டு சைலன்சர் பைப்புகளையும் கழற்றினால் சிலிண்டரை மேலே தூக்கிவிடலாம். தூக்கும்போது பிஸ்டனுக்குக் கீழே கிராங்க்கேஸ் வாயில் சுத்தமான துணியை அடையுங்கள். இதை வீட்டிலேயே செய்யலாம், பொறுமை இருந்தால் போதும். பிஸ்டனின் ஏற்ற இறக்கத்தைச் சுழற்சியாக்கும் கிராங்க் அப்படியல்ல. அது அழுத்திச் சேர்த்த துண்டுகளால் ஆனது. பிரித்தால் பிரஸ் வேண்டும், சேர்த்த பிறகு டயல் கேஜில் வைத்து நேர் பார்க்க வேண்டும். ஓடக்கூடிய கிராங்கைச் சந்தேகத்தின் பேரில் பிரித்து, சேர்க்கத் தெரியாதவரிடம் கொடுத்து, வண்டி முழுக்க அதிர்வை வாங்கிக்கொண்டவர்கள் உண்டு. கனெக்டிங் ராடைப் பிடித்து நேர் மேலும் கீழும் அசைத்துப் பாருங்கள். பக்கவாட்டில் ஆட்டம் இருப்பது இயல்பு. மேல் கீழ் ஆட்டம் கையில் தட்டினால் மட்டுமே கிராங்க் வேலை.

சிலிண்டர் கையில் வந்ததும் எல்லோரும் நேராகப் போர் செய்யக் கொண்டுபோவார்கள். அதற்கு முன் நீங்களே அளந்து பாருங்கள். போர் கேஜ் விலை கூடுதல், பழக்கமில்லாத கையில் தப்பாகவும் காட்டும். அதற்குப் பதில் ரிங்கையே அளவுகோலாக்குவது ஒரு பழைய வழி. ஒரு ரிங்கைப் பிஸ்டனிலிருந்து கவனமாக எடுத்து, சிலிண்டருக்குள் கீழ் விளிம்பு அருகே, ரிங் ஓடித் தேயாத இடத்தில் வையுங்கள். பிஸ்டன் தலையால் தள்ளினால் ரிங் நேராக உட்காரும். அதன் இரண்டு முனைகளுக்கு நடுவே உள்ள இடைவெளியை ஃபீலர் கேஜால் பாருங்கள். பிறகு அதே ரிங்கை மேலே, போர்ட்டுகளுக்கு மேல், தேய்மானம் அதிகமான இடத்தில் வைத்துப் பாருங்கள். விட்டம் எவ்வளவு கூடுகிறதோ, சுற்றளவு அதைப் போல 3.14 மடங்கு கூடும், அந்தக் கூடுதல் முழுவதும் ரிங் இடைவெளியில் வந்து நிற்கும். கீழே 0.50 மில்லிமீட்டர், மேலே 0.95 என்று வந்தால், வித்தியாசம் 0.45. அதை 3.14-ஆல் வகுத்தால் சிலிண்டர் மேலே 0.14 மில்லிமீட்டர் அகன்றிருக்கிறது என்று அர்த்தம். 100 ரூபாய் ஃபீலர் கேஜ் நூறில் ஒரு மில்லிமீட்டர் கணக்கில் தேய்மானத்தைக் காட்டிவிடுகிறது. இந்தச் சின்னக் கணக்கு எனக்கு இன்றும் அலுக்கவில்லை.

0.1-க்கு மேல் போனால் நான் போர் செய்துவிடுவேன். அதற்குக் கீழே என்றால், துருக்கோடு நகத்தில் தட்டாத அளவில் இருந்தால், லேசாக ஹோனிங் செய்து (உள்சுவரைத் தேய்த்து) புது ரிங் போட்டே ஓட்டியிருக்கிறேன். இந்த 0.1 என்பது என் பழக்கத்தில் வந்த எல்லை. இதைவிடக் கண்டிப்பானவர்களும் இருக்கிறார்கள், தாராளமானவர்களும் இருக்கிறார்கள். ஓவர்சைஸ் பிஸ்டன்கள் 0.25 மில்லிமீட்டர் படிகளில் வருவதால், ஒவ்வொரு முறையும் சிலிண்டரின் ஆயுளில் ஒரு படி குறைகிறது. பெரியப்பா காலத்தில் எத்தனை போர் ஆகியிருக்கிறது என்பது பிஸ்டன் தலையிலேயே எழுதியிருக்கும். கரியைத் துடைத்துப் பாருங்கள்.

போர் செய்வதாக இருந்தால் பிஸ்டனைக் கையில் வாங்கின பிறகே சிலிண்டரைக் கொடுங்கள். இதை நான் அடிபட்டுக் கற்றேன். என் முதல் யெஸ்டிக்குப் போர் செய்த கடையில் பிஸ்டனை அளக்காமல், பெட்டியில் அச்சடித்த அளவை நம்பி வெட்டிக் கொடுத்தார்கள். வெறும் கையில் சிலிண்டருக்குள் வழுக்கிக்கொண்டு போனது, பார்க்க அழகாக இருந்தது. கனகபுரா ரோட்டில் 20 கிலோமீட்டர்கூடத் தாண்டவில்லை. மேட்டில் எஞ்சின் முனகியது, பின் சக்கரம் கிறீச்சென்று பூட்டிக்கொண்டது. கிளட்சைப் பிடித்ததால் விழாமல் தப்பித்தேன். ஒரே சூட்டுக்கு அலுமினியம், வார்ப்பிரும்பைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். பிஸ்டன் அலுமினியம், சிலிண்டர் வார்ப்பிரும்பு. இந்த 65 மில்லிமீட்டர் விட்டத்துக்கு நடுவில் ஒரு மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்கு, அதற்குச் சற்று மேல் இடம் விட வேண்டும். அந்த இடம் பாதியானால் சூட்டில் பிஸ்டன் சுவரைப் பிடித்துக்கொள்ளும். அன்றிலிருந்து மைக்ரோமீட்டரை நானே எடுத்துக்கொண்டு போகிறேன்.

யெஸ்டியில் பலர் பார்க்காமல் விடுவதும், பிறகு பழியைப் பெட்ரோல் மேல் போடுவதும் கிராங்க் ஆயில் சீல் விஷயத்தில்தான். டூ ஸ்ட்ரோக்கில் கிராங்க்கேஸ் வெறும் கூடு இல்லை, அது ஒரு பம்ப். பிஸ்டன் மேலே போகும்போது கீழே வெற்றிடம் உண்டாகி, கார்புரேட்டரிலிருந்து கலவையை இழுக்கிறது. கீழே வரும்போது அதை அழுத்தி டிரான்ஸ்பர் போர்ட் வழியாக மேலே அனுப்புகிறது. கிராங்கின் இரண்டு முனைகளிலும் உள்ள ரப்பர் சீல்கள் இந்தப் பம்ப்பின் மூடிகள். ஓடாமல் நின்ற வண்டியில் சீலின் உதடு காய்ந்து கெட்டியாகிவிடும். இடது பக்கம் பிரைமரி செயின் பெட்டி இருக்கிறது. அந்தப் பக்கத்து சீல் போனால் எஞ்சின் கியர் ஆயிலை உறிஞ்சும். வெள்ளைப் புகை தெருவை மூடும், கியர் ஆயில் அளவு குறைந்துகொண்டே வரும். அது கண்ணுக்குத் தெரியும் நோய், சீக்கிரம் பிடிபட்டுவிடும். வலது பக்கம் டைனமோவும் பாயின்ட்டும். அந்தப் பக்கத்து சீல் போனால் வெறும் காற்று உள்ளே வரும், அடையாளமே தெரியாது. கார்புரேட்டர் வழியாக வராத காற்று என்பதால் அதில் பெட்ரோல் இல்லை. இந்த எஞ்சினுக்கு எண்ணெயும் பெட்ரோலோடு கலந்துதான் வருகிறது, ஆகவே எண்ணெயும் இல்லை. சூடும் வறட்சியும் ஒன்றாக வந்து சேரும். ஆக்சிலேட்டரை விட்ட பிறகும் எஞ்சின் சத்தம் இறங்க மறுப்பதுதான் இதன் ஒரே முன்னறிவிப்பு. அதைக் கேட்டால் உடனே சாவியைத் திருப்பிவிடுங்கள்.

இதை ஓட்டிப் பார்த்துக் கண்டுபிடிக்கத் தேவையில்லை. மேல் பாதியைத் திரும்பப் பூட்டிய பிறகு, கார்புரேட்டர் வாயையும் இரண்டு எக்ஸாஸ்ட் வாய்களையும் ரப்பர் ஷீட்டும் தகடும் வைத்து இறுக்கி மூடுங்கள். ஒரு பழைய பிளக்கின் பீங்கானைத் தட்டி எடுத்துவிட்டு, அதில் சின்னக் குழாய் ஒன்றைப் பற்றவைத்து, பிளக் துளையில் பூட்டுங்கள். பிஸ்டனைக் கீழே இறக்கி நிறுத்துங்கள், அப்போதுதான் சிலிண்டரும் கிராங்க்கேஸும் ஒரே அறையாகும். அந்தக் குழாயில் ரத்த அழுத்தம் பார்க்கும் கருவியின் பந்தையும் டயலையும் இணைத்து 300 வரை ஏற்றுங்கள். அது ஒரு சதுர அங்குலத்துக்கு ஏறக்குறைய 6 பவுண்டு. டூ ஸ்ட்ரோக் மெக்கானிக்குகள் இந்தச் சோதனைக்கு வைத்திருக்கும் அழுத்தமும் அதுவே. ஒரு நிமிடத்தில் 50-க்கு மேல் இறங்கக் கூடாது. அதாவது 250-க்குக் கீழே போனால் எங்கோ கசிகிறது. சோப்பு நீரைப் பிரஷ்ஷால் தடவினால் குமிழி வரும் இடத்தில் நோய் இருக்கிறது. முதலில் நீங்கள் மூடிய வாய்களிலேயே குமிழி வரும், அதைச் சரிசெய்துவிட்டு மறுபடி பாருங்கள். மருந்துக்கடையில் கிடைக்கும் இந்தச் சின்னக் கருவியைவிட யெஸ்டிக்காரருக்குப் பயன்படும் ஸ்பேனர் ஒன்று இல்லை. 11 வருஷம் நின்ற வண்டி என்பதால், சோதனையில் தேறினாலும் வலது பக்க சீலை மாற்றிவிடுங்கள் என்பேன். தேறிய சீல் சூட்டில் எத்தனை நாள் தாங்கும் என்று எந்தச் சோதனையும் சொல்லாது.

மூன்றாவது நண்பரின் எலெக்ட்ரானிக் இக்னிஷனுக்கு நான் எதிரியில்லை. என் ஒரு வண்டியில் அதுதான் இருக்கிறது, காலையில் ஒரே உதையில் பற்றிக்கொள்கிறது. ஆனால் அதை முதலில் போடாதீர்கள். பழைய பாயின்ட்டை மெல்லிய எமரி தாளால் துடைத்து, 0.4 மில்லிமீட்டர் இடைவெளி வைத்து, கண்டென்சரைப் புதிதாக மாற்றி, சார்ஜ் ஏற்றிய பேட்டரி கொடுத்தால் இந்த வண்டிக்குப் போதுமான ஸ்பார்க் வரும். வரவில்லை என்றால் வயரிங்கில் வேறு கோளாறு இருக்கிறது, அதை இப்போதே கண்டுபிடிப்பது நல்லது. எலெக்ட்ரானிக் கிட்டைப் பழுதான வயரிங்கில் மாட்டினால் கோளாறு வயரிலா கிட்டிலா என்று தெரியாமல் வாரக்கணக்கில் அலைவீர்கள். வயர்களை எலி கடித்திருக்கிறதா என்றும் பாருங்கள். மாடிப்படிக்குக் கீழ் நின்ற வண்டிகளில் நான் அதிகம் பார்த்த மின்கோளாறு அதுதான்.

இனி எத்தனால். இதில் கொஞ்சம் நிதானமாகக் கணக்குப் போட வேண்டும், சென்னை நண்பரின் பயம் வெறும் வதந்தியில்லை. ஒரு கிலோ பெட்ரோல் முழுதாக எரிய சுமார் 14.7 கிலோ காற்று வேண்டும். ஒரு கிலோ எத்தனாலுக்கு 9 கிலோ போதும். 20 சதவீதம் எத்தனால் கலந்த இப்போதைய பெட்ரோலுக்கு அது சுமார் 13.5 ஆகிறது. கார்புரேட்டருக்கு இது தெரியாது. சுத்தப் பெட்ரோலுக்கு வைத்த அளவிலேயே அது கொடுத்துக்கொண்டிருக்கும். விளைவு, கலவை ஏறக்குறைய 8 சதவீதம் வறண்டுபோகிறது, அதாவது காற்றுக்கு ஏற்ற பெட்ரோல் இல்லை. காற்றில் குளிரும் டூ ஸ்ட்ரோக்குக்கு இது அலட்சியப்படுத்தும் அளவில்லை. இதுவரை நண்பர் சொன்னது சரி.

ஆனால் அவர் சென்னையில் கடல் மட்டத்தில் இருக்கிறார், நீங்கள் 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறீர்கள். பெங்களூரின் காற்று கடல் மட்டத்துக் காற்றைவிட 8, 9 சதவீதம் அடர்த்தி குறைந்தது. கார்புரேட்டரில் கலவையின் செறிவு காற்றின் அடர்த்தியோடு வர்க்கமூலக் கணக்கில் மாறும். அடர்த்தி 9 சதவீதம் குறைந்தால் கலவை 4 முதல் 5 சதவீதம் செறிவாகும். அதாவது எத்தனால் உண்டாக்கும் வறட்சியில் பாதிக்கு மேல் இந்த ஊரின் உயரமே ஈடுகட்டிவிடுகிறது. அதே ஜெட் அவருக்கு வறட்சி, உங்களுக்குக் கிட்டத்தட்ட சரி. ஆகவே இங்கே ஓட்டும் வரைக்கும், கார்புரேட்டர் ஊசியின் கிளிப்பை ஒரு பள்ளம் கீழே இறக்கி ஊசியை உயர்த்தினால் நடு ஆக்சிலேட்டருக்கு அது போதும். முழு ஆக்சிலேட்டரை மெயின் ஜெட் பார்த்துக்கொள்கிறது. ஒசூர் தாண்டி கிருஷ்ணகிரி இறக்கத்தில் இறங்கி வேலூர், சென்னை என்று போகும் நாள் வந்தால், அப்போது ஒரு அளவு பெரிய மெயின் ஜெட் போட்டுக்கொள்ளுங்கள். நெடுஞ்சாலையில் முழு ஆக்சிலேட்டரில் நீண்ட நேரம் போவதும் அங்கேதான். நீங்கள் இருவரும் சண்டை போட வேண்டியதே இல்லை. ஒரே எஞ்சின் இரண்டு ஊர்களில் இரண்டு விதமாகச் சுவாசிக்கிறது.

இதோடு சேர்ந்த ஒரு தவறான பழக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். வறட்சிக்குப் பயந்து, பெட்ரோலில் கலக்கும் 2டி (டூ ஸ்ட்ரோக்) ஆயிலை இரட்டிப்பாக ஊற்றுபவர்கள் இருக்கிறார்கள். ஜெட் வழியாக ஒரு நேரத்தில் போகும் திரவத்தின் அளவு ஒன்றுதான். அதில் எண்ணெய் கூடினால் பெட்ரோல் குறைகிறது. கலவை இன்னும் வறளும், கூடவே சைலன்சரில் கரியும் சேரும். நல்ல ஜாசோ எஃப்சி அல்லது எஃப்டி தர ஆயில் லிட்டருக்கு 40 மில்லி, அதாவது 25-க்கு 1, ஆரம்ப ஓட்டத்துக்குப் போதும். எத்தனால் ஈரத்தை இழுக்கும், தேங்கி நின்றால் அலுமினிய, துத்தநாகப் பாகங்களில் வெள்ளைப் பொடி பூக்கும். பழைய பெட்ரோல் குழாயும் ஃப்ளோட் ஊசி நுனியும் மென்மையாகிவிடும். இதற்கு ஜெட் பரிகாரமில்லை. குழாய்களைப் புதிதாக மாற்றுங்கள். இரண்டு வாரத்துக்கு மேல் நிறுத்துவதாக இருந்தால் பெட்ரோல் டேப்பை மூடிக் கார்புரேட்டரைக் காலி செய்துவிடுங்கள்.

பிளக் நிறத்தைப் பார்த்து எல்லாம் சொல்லிவிடலாம் என்று டீக்கடையில் யாராவது சொல்லியிருப்பார்கள். டிகாஷன் நிறம் வந்தால் சரி, வெளுத்தால் வறட்சி என்பது எங்கள் தலைமுறை கற்ற பாடம். ஆனால் அந்தப் பாடம் ஈயம் கலந்த பெட்ரோல் இருந்த காலத்தில் உருவானது. 2000-இல் நாடு முழுக்க ஈயம் நின்றது, இப்போது எத்தனாலும் வந்துவிட்டது. இன்றைய பெட்ரோலில் சரியான கலவையிலும் பிளக் வெளிறித் தெரிவதைப் பார்க்கிறேன். கரிந்து நனைந்திருந்தால் நம்பலாம், அது கலவை அதிகம் என்பதற்கு நல்ல சாட்சி. வெளிறியிருப்பதை மட்டும் வைத்து முடிவு செய்ய நான் தயங்குவேன். பிஸ்டன் தலையில் கரி படிந்த விதத்தையும், ஆக்சிலேட்டரை விட்டதும் எஞ்சின் இறங்கும் வேகத்தையும் சேர்த்துப் பார்ப்பேன்.

மிச்சம் இருப்பவை சின்ன வேலைகள். டேங்க்கைக் கழற்றி, பழைய பெட்ரோலைக் கொட்டி, சோப்பு நீரில் பலமுறை கழுவி, லிட்டருக்கு 100 கிராம் சிட்ரிக் ஆசிட் கலந்த வெந்நீரை ஓரிரவு நிரப்பி வைத்தால் துரு கரைந்துவிடும். பிறகு சமையல் சோடா நீரில் அலசி, உடனே வெயிலில் காயவைத்து, உள்ளே கொஞ்சம் 2டி ஆயில் ஊற்றிச் சுழற்றுங்கள். டேங்க்கில் கசிவு இருந்தால் எவ்வளவு கழுவியிருந்தாலும் வெல்டிங் செய்ய எடுத்துப்போகாதீர்கள், ஆவி வெடித்தால் உயிர் போகும். சைலன்சரின் உள்குழாய்களைக் கழற்றிக் கரியைச் சுரண்டுங்கள். கிளட்ச் தகடுகள் நிச்சயம் ஒட்டியிருக்கும், பிரித்து ஆயிலில் ஊறவைத்தால் போதும். பிரேக் ஷூ, டியூப், டயர் மூன்றையும் பார்த்து யோசிக்காமல் மாற்றுங்கள்.

உதிரிபாகம் பற்றிக் கேட்டிருந்தீர்கள். மைசூரில் ஐடியல் ஜாவா தொழிற்சாலை 1961-இல் உற்பத்தியைத் தொடங்கி 1996-இல் மூடியது. 2018-இல் ஜாவாவும் பிறகு யெஸ்டியும் பெயரளவில் திரும்பி வந்தன, ஆனால் அவை ஃபோர் ஸ்ட்ரோக். அந்த ஷோரூமில் உங்கள் வண்டிக்கு ஒரு வாஷர்கூடப் பொருந்தாது. நமக்கு ஜே.சி. ரோடும், சிவாஜி நகர் பழைய சாமான் கடைகளும், மைசூரில் இன்னும் கடை வைத்திருக்கும் பழைய கைகளும்தான். மைசூருக்கு மூன்று மணி நேரத்தில் போய்விடலாம் என்பது நாம் இங்கே இருப்பதன் பாக்கியம். இன்று செய்யப்படும் நகல் பாகங்களின் தரம் ஒரே மாதிரி இருப்பதில்லை. பிஸ்டன், ரிங், சீல் மூன்றுக்கும் பழைய சரக்கு கிடைத்தால் கூடுதல் விலை கொடுங்கள். கைப்பிடி ரப்பரும் இண்டிகேட்டரும் நகலாக இருந்தால் ஒன்றும் ஆகாது.

பணம் செலவழிக்கும் முன் ஆர்சி யார் பெயரில் இருக்கிறது என்று பாருங்கள். பெரியப்பா காலமானவர் என்பதால் வாரிசுப் பெயருக்கு மாற்ற ஃபார்ம் 31 கொடுக்க வேண்டும். பெரியம்மாவும் பிள்ளைகளும் சம்மதித்துக் கையெழுத்திட வேண்டியிருக்கும், அதை இப்போதே பேசிவிடுங்கள். 15 வருஷம் தாண்டிய வண்டி என்பதால் ஆர்சியை 5 வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். விண்டேஜ் பதிவு என்று யாராவது வழி சொன்னால், அது 50 வருஷம் நிறைந்த வண்டிகளுக்கு மட்டும். 1984 வண்டிக்கு இன்னும் காலம் இருக்கிறது.

எல்லாம் பூட்டி முடிந்த நாளில் வண்டியை வெளியே வெட்டவெளிக்குக் கொண்டுவாருங்கள், பக்கத்தில் ஒரு வாளி மணல் இருக்கட்டும். பிளக் இல்லாமல் பத்துப் பதினைந்து முறை மெதுவாக மிதித்து உள்ளே எண்ணெய் பரவவிடுங்கள். பிறகு பிளக்கைப் பூட்டி உதையுங்கள். பற்றியதும் முறுக்காதீர்கள். ஊற்றிய டீசலும் ஆயிலும் எரிந்து முடியும் வரை புகை கண்ணை மறைக்கும், பயப்பட வேண்டாம். ஐடிலில் ஒரு சுற்று விட்டு ஒரு சுற்று வெடிக்கும், யெஸ்டிக்கு அது இயல்பு. மூன்று நிமிடம் ஓட்டி நிறுத்தி, முழுக்க ஆறிய பிறகு ஹெட் நட்டுகளை மறுபடி குறுக்கு வாட்டத்தில் இறுக்குங்கள். இதை மூன்று முறை செய்த பிறகு தெருவில் இறக்குங்கள்.

இங்கிருந்து என்னால் சொல்ல முடிவது இவ்வளவுதான். உங்கள் கிராங்க் பேரிங்குகளின் நிலையைக் கையால் தொட்டுப் பார்க்காமல் யாராலும் சொல்ல முடியாது. பிஸ்டன் தலையில் உள்ள எண், ரிங் இடைவெளி மேலும் கீழும், 300-இலிருந்து ஒரு நிமிடத்தில் டயல் எங்கே வந்து நின்றது, இந்த மூன்றையும் எழுதி அனுப்புங்கள். போர் செய்வதா வேண்டாமா என்பதை அதை வைத்துப் பேசலாம். சீல் மாற்றும் அன்று இன்னொரு ஜோடிக் கை தேவைப்பட்டால், ஏதாவது ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் அல்சூர் வருகிறேன்.